காலிப் பெட்டியை நம்பிப் பாயேற்றியவர்கள்

"சின்ன விஷயந்தான் அண்ணாச்சி" என்றுதான் காஜா ஆரம்பித்தான். காஜா காயல்பட்டினத்துப் பையன். நான் ஓய்வு பெற்ற கப்பல் ஏஜென்சியில் இப்போது கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவன். கெட்டிக்காரன், மரியாதை தெரிந்தவன், மாதம் ஒரு தடவையாவது போன் செய்து நலம் விசாரிப்பவன். இருந்தாலும் அந்தச் 'சின்ன விஷயம்' காதில் விழுந்து, பின்னாலேயே அவன் சொன்ன கதையையும் கேட்டபோது எனக்கு உச்சந்தலை வரை சூடேறிவிட்டது.

நடந்தது இதுதான். கம்பெனியின் மெயில் சர்வரில் கப்பல் பிரிவுக்கு வரும் கடிதங்களையெல்லாம் ஒரே கோப்பில், ஒன்றன் கீழ் ஒன்றாக ஒட்டிக்கொண்டே போகும்படி வைத்திருந்திருக்கிறார்கள். புதுக் கடிதத்தை ஒரு புரோகிராம் அந்தக் கோப்பின் வாலில் எழுதும். படித்து முடித்த கடிதத்தை இன்னொரு புரோகிராம் நடுவிலிருந்து உருவும். ஒருவர் கை வைத்திருக்கும்போது மற்றவர் கை வைக்காமலிருக்க ஒரு பூட்டு உண்டு. ஆனால் கோப்பு இருந்தது நெட்வொர்க்கில் எங்கேயோ இருக்கும் வேறொரு மெஷினின் டிஸ்க்கில். அங்கே பூட்டு சரியாக விழவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் எழுதி, ஒரு கடிதத்தின் தலை இன்னொன்றின் உடம்பில் போய் ஒட்டிக்கொண்டது. போதாக்குறைக்குக் கரண்ட்டும் போயிருக்கிறது.

"அனுப்புன ஆளுக்கு சர்வர் 'கிடைச்சுது'ன்னு பதில் குடுத்துட்டு அண்ணாச்சி. ஆனா டிஸ்க்ல எழுதி முடிக்கல, மெமரிலதான் இருந்துச்சு. கரண்ட் போனதும் அதுவும் போயிட்டு. நாலஞ்சு மெயில்தான். திரும்ப அனுப்பச் சொல்லிரலாம்."

"எந்தெந்த மெயில்னு தெரியுமாலே?"

"அது தெரியாது அண்ணாச்சி. போனதுதான் போயிட்டே."

"பொறவு யாருகிட்டப் போயிலே திரும்ப அனுப்பச் சொல்லுவ?"

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேலையில் இருந்த கடைசி வருடங்களில், ஒரு கடிதத்துக்கு ஒரு கோப்பு என்று சண்டை போட்டு வைத்துவிட்டு வந்தவன். நான் போன பிறகு வந்தவர்கள் அதை மாற்றிவிட்டார்கள். ஆயிரக்கணக்கில் சின்னச் சின்னக் கோப்பு கிடந்தால் டிஸ்க் திணறுகிறதாம், ஒரே கோப்பு என்றால் பேக்கப் எடுக்கச் சுலபமாம். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் யாருக்குச் சுலபம் என்று ஒருத்தனும் கேட்கவில்லை. "இதுக்கு ஏன் அண்ணாச்சி இவ்வளவு கோவப்படுதிய?" என்று காஜா கேட்டான். போனில் சொல்லி மாளாது, எழுதித் தருகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் நான் உடன்குடிப் பக்கமிருந்து தூத்துக்குடிக்கு வந்து, டைப்ரைட்டிங் லோயர் பாஸ் செய்த கையோடு அந்த ஏஜென்சியில் சேர்ந்தேன். டெலிபிரிண்டர் அடிக்கப் பழகியதும், கப்பல்காரர்களின் சுருக்கெழுத்தைப் படிக்கப் பழகியதும், கொழும்பு ஆபீஸ்காரர்களின் இங்கிலீஷைப் பொறுத்துக்கொள்ளப் பழகியதும் ஒரு வருடத்தில் முடிந்துவிட்டது. அதில் சொல்ல ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது மச்சாது சாரைப் பற்றி.

பழைய துறைமுகத்தில் அப்போது தோணிகள் வரிசையாக நிற்கும். வெங்காயம், வற்றல், கூரை ஓடு, கருவாடு எல்லாம் ஏற்றிக்கொண்டு பாய் விரித்துக் கொழும்புக்குப் போகும் பெரிய மரத் தோணிகள். தோணியை நடத்துகிறவர் தண்டல். பெரும்பாலும் கடற்கரைக் கிறிஸ்தவக் குடும்பத்துக்காரர்கள். எங்கள் ஏஜென்சிக்கு ஓடுகிற தோணிகளுக்கு எங்கிருந்து என்ன தகவல் வந்தாலும், கொழும்பிலிருந்து டெலிபிரிண்டரில் வந்தாலும், ஊருக்குள்ளிருந்து டெலிபோனில் வந்தாலும், பீச் ரோட்டு ஆபீஸில் எங்கள் செய்தி அறைக்குத்தான் வரும். அந்த அறைக்குத் தலைவர் சேவியர் மச்சாது.

வெள்ளை டிரில் பேன்ட், முழங்கை வரை மடித்த சட்டை, காதில் செருகிய பென்சில். குரலை உயர்த்தமாட்டார். யாராவது போய் "சார், ஓட்டுக் கம்பெனியில இருந்து தகவல் சொல்லிட்டாங்க" என்று சொன்னால் அவர் கேட்பது ஒரே கேள்விதான்.

"எங்க இருக்கு?"

"சொல்லிட்டாங்க சார். ஞாபகம் இருக்கு."

"ஞாபகம் இருக்கட்டும். தகவல் எங்க இருக்கு?"

அறையின் நீளச் சுவரில் மரப் பெட்டி அடுக்கு ஒன்று இருந்தது. ஒரு தோணிக்கு ஒரு பெட்டி, மேலே தோணியின் பெயர். ஒரு தகவலுக்கு ஒரு சீட்டு. டெலிபிரிண்டரில் வருவதை அங்கேயே கிழித்துத் தனிச் சீட்டாக்குவோம், போனில் வருவதைப் பென்சிலால் தனிச் சீட்டில் எழுதுவோம். ஒவ்வொரு சீட்டுக்கும் தலையில் நேரம், எந்த வழியில் வந்தது, எழுதியவரின் பெயர் முதலெழுத்து, அவருடைய அன்றைய வரிசை எண். அதனால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு சீட்டு எழுதினாலும் ஒன்றோடொன்று முட்டாது. எழுதிக்கொண்டிருக்கும் சீட்டு மேஜைத் தட்டில்தான் இருக்க வேண்டும். பாதி எழுதியது சுவர்ப் பக்கமே போகக் கூடாது. எழுதி முடித்து, சொன்னவருக்கே முழுக்கப் படித்துக் காட்டி, சரி என்றானபிறகு எழுந்துபோய் ஒரே அசைவில் பெட்டியில் வைப்போம். வைத்த சீட்டில் பென்சில் படக் கூடாது. திருத்தம் வந்தால் அதற்கு இன்னொரு சீட்டு. தண்டல் வந்து பார்த்த சீட்டு பெட்டியின் பின்பாதிக்குப் போகும்.

இதெல்லாம் முடிந்து மேஜைக்குத் திரும்பி வந்து, போனை எடுத்து, அப்போதுதான் "கிடைத்தது" என்று சொல்ல வேண்டும். அதுவரை எதிர்முனையில் இருப்பவர் காத்திருக்க வேண்டியதுதான். டிரங்க் கால்காரர்கள் தொண்டை கிழியக் கத்துவார்கள். மச்சாது சார் ரிசீவரை மேஜையில் கிடத்திவிட்டு நிதானமாகப் பெட்டி வரை நடந்து போவார். "அவரு பெட்டி வர போய்ட்டு வாரதுக்குள்ள நான் கொழும்பு போய்ட்டு வந்துருவேன்" என்று தண்டல்கள் கிண்டல் செய்வார்கள். அவர் காதில் போட்டுக்கொள்ளமாட்டார்.

ஒரு மழைக்காலத்தில் வெங்காயத் தோணி ஒன்றுக்கு வைத்த சீட்டு காணாமல் போனது. தேடிப் பார்த்தால், கடல் காற்றில் பிளைவுட் ஊதி, பெட்டியின் பின்பலகை விலகி, சீட்டு சுவருக்கும் பலகைக்கும் நடுவே விழுந்து கிடந்தது. இரண்டு சீட்டு ஈரத்தில் ஒட்டிக்கொண்டு ஒன்று போல் இருந்ததும் அப்போது தெரிந்தது. மச்சாது சார் அன்றைக்கே எல்லாப் பெட்டியையும் காலி செய்து, ஒரு தச்சனைக் கூப்பிட்டுத் தேக்கில் புதிதாகச் செய்யச் சொன்னார். செலவுக்கு மேலிடத்தில் முணுமுணுத்தார்கள். "சீட்டு எவ்வளவு ஒழுங்கா எழுதினாலும் அது இருக்கிற பலகை ஏமாத்திட்டா என்ன செய்ய?" என்றார். கோப்பின் அமைப்பு ஒன்று, அதைத் தாங்கும் டிஸ்க்கின் அமைப்பு இன்னொன்று, இரண்டில் எது ஏமாற்றினாலும் கடிதம் போச்சு என்று பிற்காலத்தில் யார் யாரோ வகுப்பெடுத்தபோது நான் அந்தத் தேக்குப் பெட்டியைத்தான் நினைத்துக்கொள்வேன்.

இந்த ஏற்பாட்டில் முக்கியமானது தண்டல்களின் வழக்கம். பாயேற்றும் முன் தண்டல் கால் கழுவி ஆபீஸுக்குள் வந்து தன் பெட்டியைத் தானே பார்ப்பார். படிக்கத் தெரியாதவரும் பார்ப்பார். சீட்டு இருந்தால் எங்களில் ஒருவரைப் படிக்கச் சொல்வார். பெட்டியின் முன்பாதி காலியாக இருந்தால் உள்ளே கையை விட்டு ஒருதரம் தடவிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டு நேரே துறைக்குப் போவார். யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கமாட்டார். உன்னைத் தடுக்க எதுவும் இல்லை, போ என்று அந்தக் காலிப் பெட்டி அவருக்குச் சொல்லும். அதை நம்பித்தான் ஒவ்வொரு தோணியிலும் அத்தனை பேர் கடலில் இறங்கினார்கள். தகவல் இருக்கிறது என்று சொல்வது சுலபம். இல்லை என்று சொல்வதற்குத்தான் இத்தனை ஒழுங்கும் தேவைப்பட்டது.

பிறகு மெட்ராஸிலிருந்து புது மானேஜர் வந்தார். பெயர் சொல்லி இப்போது ஆகப் போவது ஒன்றுமில்லை. வந்த முதல் வாரமே பெட்டி அடுக்கைப் பார்த்துவிட்டு, "இதென்ன புறாக்கூடு?" என்றார். அவருக்கு எல்லாம் ஒரே இடத்தில், ஒரே பார்வையில் தெரிய வேண்டும். இனி டெலிபிரிண்டர் காகிதத்தைக் கிழிக்கக் கூடாது, எல்லாச் செய்தியும் ஒரே சுருளில் ஒன்றன் கீழ் ஒன்றாக ஓட வேண்டும் என்று உத்தரவு போட்டார். போனில் வருவதையும் அதே டெலிபிரிண்டரில் உட்கார்ந்து அதே சுருளில் அடிக்க வேண்டும், போன் வந்த நேரத்தைத் தலைப்பில் போட வேண்டும். துண்டுச் சீட்டு கண்ணில் படக் கூடாது, பட்டால் மெமோ. போன் லைனை வீணாகப் பிடித்து வைக்காமல், கேட்டவுடன் "கிடைத்தது" என்று சொல்லி வைத்துவிட வேண்டும். மாலையில் சுருளைச் சுருட்டி அவர் மேஜைக்கு அனுப்ப வேண்டும்.

மச்சாது சார் ஒரு தடவை உள்ளே போய்ப் பேசினார். "சார், மெஷின்ல கொழும்பு லைன் ஓடும்போது நாம எதுவும் அடிக்க முடியாது. அடிச்சா ரெண்டும் கலந்து கெட்டுப் போகும். அதுவரைக்கும் போன்ல வந்த தகவல் எங்க இருக்கும்?"

"உங்க ஆளுங்களுக்கு அஞ்சு நிமிஷம் ஒரு விஷயத்த மனசுல வெச்சுக்கத் தெரியாதா மிஸ்டர் மச்சாது?"

அவர் வெளியே வந்து உட்கார்ந்தார். அன்று சாயங்காலமே பெட்டி அடுக்கைக் கழற்றிக் குடோனுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சுவரில் வெளுத்த தடம் மட்டும் இருந்தது.

முதல் கோளாறு சீக்கிரமே வந்தது. கொழும்பிலிருந்து ஒரு தோணிக்கு வந்துகொண்டிருந்த செய்தி கரண்ட் போய்ப் பாதியில் நின்றது. கரண்ட் வந்ததும் வேறொரு தோணிக்கான செய்தியின் மீதி அதன் வாலிலேயே ஓடியது. எங்கே ஒன்று முடிந்து எங்கே மற்றது தொடங்குகிறது என்று பார்த்தவனுக்குத் தெரியவில்லை. ஓடு ஏற்ற வேண்டிய தோணியில் வெங்காயம் ஏற்றிவிட்டார்கள். அன்றைக்கு மெஷினைப் பார்த்துக்கொண்ட கிளார்க்கை மானேஜர் திட்டினார். சுருளைத் திட்டவில்லை. தண்டல்களும் முணுமுணுத்தார்கள். தங்கள் பெட்டியைத் தாங்களே பார்த்தது போய், இப்போது கவுண்டரில் நின்று எங்களிடம் "எனக்கு ஏதும் உண்டா?" என்று கேட்க வேண்டியிருந்தது. அவர்களுக்கு அது பிடிக்கவே இல்லை.

லூர்து தண்டலின் தோணி அந்த வருடம் கரையேறி மராமத்து பார்த்தது. பலகை இடுக்குகளில் பஞ்சும் எண்ணெயும் வைத்து அடைக்கும் கலப்பற்று வேலையெல்லாம் முடிந்து, தண்ணீரில் இறங்கி, வெங்காய மூட்டை ஏற்றி நின்றது. லூர்து தண்டல் சத்தமாகப் பேசி, அதைவிடச் சத்தமாகச் சிரிக்கிற மனிதர். தோணியில் சமையல் பார்க்கும் பண்டாரி சிலுவை அதற்கு நேர் எதிர், ஒல்லியான, பேசாத ஆள். கவுண்டருக்கு வந்தால் ஒரு பொட்டலம் கருவாட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார். ஏன் எதற்கு என்று சொல்லமாட்டார்.

அன்று காலை மச்சாது சார் அறையில் இல்லை. புதுத் துறைமுக வேலை நடக்கும் இடத்துக்கு மானேஜர் அவரை ஏதோ கூட்டத்துக்கு அனுப்பியிருந்தார். டெலிபிரிண்டரில் கொழும்பிலிருந்து கட்டண விவரம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. ஓடியது ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நான் கவுண்டரில் ஓட்டுக் கம்பெனிக்காரரோடு பில் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். போன் மணி அடித்தது. எங்களோடு புதிதாகச் சேர்ந்திருந்த கிளார்க் பால்ராஜ் எடுத்தான்.

தோணி கட்டும் பட்டறையிலிருந்து பேசினார்கள். பட்டறையின் ஓடாவி, அதாவது தோணித் தச்சர், காய்ச்சலில் கிடந்தவர், அன்றைக்குத்தான் எழுந்து வேலைக்கு வந்திருக்கிறார். லூர்து தண்டலின் தோணியில் அடிப்பலகையில் ஓரிடத்தில் தான் வைத்தது தற்காலிக ஆப்பு, அதை எடுத்துவிட்டு வேறு பலகை வைத்துத் தைக்க வேண்டியது, அதற்குள் தான் படுத்துவிட்டதால் உதவியாட்கள் அப்படியே இறக்கிவிட்டார்கள் என்று பதறியிருக்கிறார். தான் வந்து பார்க்கும் வரை தோணி நகரக் கூடாது. இதுதான் தகவல். பால்ராஜ் விதிப்படி "கிடைச்சுது" என்று சொல்லி வைத்துவிட்டான். அந்தப் பக்கம் ஓடாவிக்கு நிம்மதி. சொன்னாயிற்று, கிடைத்தாயிற்று.

பால்ராஜ் டெலிபிரிண்டர் பக்கத்தில் போய் நின்றான். கட்டண விவரம் முடிந்தபாடில்லை. எழுதி வைக்கலாம் என்றால் துண்டுச் சீட்டுக்கு மெமோ. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். பெட்டியில் கிடக்க வேண்டியதை ஒரு மனுஷனின் தலைக்குள் திணித்த பிறகு, அவன் அதை யாரிடம் சொல்லியிருக்கலாம் என்று ஆராய்வதில் எனக்கு இஷ்டமில்லை. அவன் மெஷின் நிற்கட்டும் என்று நின்றான். அதற்குள் மானேஜர் அறை மணி அடித்தது. ஏதோ ஃபைல் வேண்டும் என்று அவனைக் கூப்பிட்டார். அவன் உள்ளே போனான்.

லூர்து தண்டல் வந்தது அப்போதுதான்.

உள்ளே நுழைந்ததும் பழக்க தோஷத்தில் அந்த வெளுத்த சுவரைப் பார்த்தார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஏலே செல்வராசு, நமக்கு ஏதும் உண்டாலே?"

நான் ஓட்டுக் கம்பெனிக்காரரை இருக்கச் சொல்லிவிட்டு டெலிபிரிண்டரிடம் போனேன். சுருளைப் பின்னால் இழுத்து அன்று காலையிலிருந்து வந்தது எல்லாவற்றையும் பார்த்தேன்.

"இல்ல தண்டல். ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாத்தியா? ஓடாவி ஏதும் சொல்லி விட்டாரா?"

மறுபடி பார்த்தேன். "இல்ல தண்டல்."

"அப்பஞ்சரி. நல்ல காத்து கெடக்கு, நான் பாயேத்துதேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த 'இல்லை' என் வாயிலிருந்துதான் வந்தது. அதற்காக இன்றுவரை நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். நான் சரியாகத்தான் பார்த்தேன். பார்க்கச் சொன்ன இடத்தில்தான் பார்த்தேன். அங்கே இல்லை. என்னைப் பொய்யனாக்கியவர்கள் வேறு ஆட்கள், அவர்கள் மேல்தான் எனக்குக் கோபம், அது இன்றைக்கும் தணியவில்லை.

பால்ராஜ் திரும்பி வந்தபோது மெஷின் ஓய்ந்திருந்தது. உட்கார்ந்து பட்டறைத் தகவலை அடித்தான். விதிப்படி, போன் வந்த நேரத்தைத் தலைப்பில் போட்டான். அடித்து முடித்ததை நான் எட்டிப் பார்த்தேன். செருப்புக்கூடப் போடாமல் துறைக்கு ஓடினேன். லூர்து தண்டலின் பாய் தூரத்தில் தெரிந்தது. கத்திப் பயனில்லை. திரும்பி ஓடிவந்து மானேஜர் அறைக்குள் கேட்காமல் நுழைந்து, தோணியைத் திருப்பிக் கூட்டிவர மோட்டார் லாஞ்ச் அனுப்ப வேண்டும் என்றேன்.

"என்ன ஆச்சு?"

சொன்னேன்.

"தகவல் பதிவாயிருக்கு இல்லே?"

"பதிவாயிருக்கு சார். ஆனா தண்டல் போயிட்டாரு."

"அது தண்டல் தப்பு. ஒரு ஆப்புக்காக லாஞ்ச் அனுப்புறதா? அதுங்க தோணில எப்பவும் தண்ணி கசிஞ்சிட்டேதான் இருக்கும். மச்சாது வரட்டும், பேசிக்கலாம்."

மச்சாது சார் வந்தபோது வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் வெளியே போய், அடுத்த ஏஜென்சியின் லாஞ்சைக் கேட்டு வாங்கி, தானே ஏறிக்கொண்டு போனார். துறைக்கு வெளியே இருக்கும் வான் தீவைத் தாண்டுவதற்குள் எதிரே ஒரு வள்ளம் வந்தது. சங்கு குளிக்கிறவர்களின் வள்ளம். அதில் லூர்து தண்டலும் ஆட்களும் நனைந்து சுருண்டு உட்கார்ந்திருந்தார்கள். சிலுவை இல்லை.

கீழே தண்ணீர் ஏறுவது முதலில் சிலுவைக்குத்தான் தெரிந்திருக்கிறது. ஒல்லியான ஆள் என்பதால் மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, ஆப்பு பிடுங்கிக்கொண்ட இடத்தில் சாக்கை வைத்து அழுத்திக்கொண்டு, "இறைங்க, இறைங்க" என்று கத்தியிருக்கிறார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி யாரும் கேட்டதில்லை என்று தண்டல் சொன்னார். நனைந்து கனத்த வெங்காய மூட்டைகள் சரிந்தன. தோணியும் சாய்ந்தது.

அதற்கப்புறம் விசாரணை என்று ஒன்று கம்பெனியில் நடந்தது. அதன் அறிக்கை துறைமுக ஆபீஸுக்குப் போகும், அதை வைத்து லூர்து தண்டலின் லைசென்ஸ் இருப்பதும் போவதும் முடிவாகும். லைசென்ஸ் மட்டுமல்ல. தகவல் இருந்தும் பார்க்காமல் போய்த் தன் ஆளைக் கொன்றவன் என்ற பெயரோடு அந்த மனிதர் அந்தக் கடற்கரையில் காலம் தள்ள முடியுமா? மெட்ராஸ் ஹெட் ஆபீஸிலிருந்து ஒரு அதிகாரி வந்து நடுவில் உட்கார்ந்தார். பட்டறைக்காரர்கள், மானேஜர், மச்சாது சார், பால்ராஜ், நான், லூர்து தண்டல். கதவோரத்தில் சிலுவையின் மனைவி ஜெபமாலை நின்றுகொண்டிருந்தார். அவரை யாரும் உட்காரச் சொல்லவில்லை.

பட்டறைக்காரர் சொன்னார், நாங்கள் சொன்னோம், கிடைத்தது என்றார்கள். மானேஜர் சொன்னார், ஆமாம், கிடைத்தது, இதோ சுருளில் இருக்கிறது, நேரத்தைப் பாருங்கள். நேரம் லூர்து தண்டல் ஆபீஸுக்கு வந்ததற்கு முந்தைய நேரம்தான். போன் வந்த நேரம் அல்லவா அது! தண்டல் வந்தபோது தகவல் எங்களிடம் தயாராக இருந்தது, அவர் எடுத்துக்கொள்ளவில்லை என்று மானேஜர் முடித்துவிட்டார். இதைக் கேட்டபோது எனக்கு எழுந்துபோய் அந்தச் சுருளை அவர் கழுத்தில் சுற்ற வேண்டும் போல இருந்தது.

நான் எழுந்து, "அவரு கேட்டாரு சார். நான் ரெண்டு தடவ பாத்தேன். இல்லன்னு சொன்னேன்" என்றேன்.

"நீ சரியாப் பார்க்கல" என்றார் மானேஜர்.

மச்சாது சார் சுருளை விரித்துக் காட்டினார். பட்டறைத் தகவல் இருப்பது கொழும்புக் கட்டண விவரத்துக்குக் கீழே. கட்டண விவரம் ஓடி முடிந்த பிறகுதான் இதை அடித்திருக்க முடியும். தண்டல் வந்தபோது அது ஓடிக்கொண்டிருந்ததை ஓட்டுக் கம்பெனிக்காரரும் பார்த்திருக்கிறார். பால்ராஜும் தலையைக் குனிந்தபடி ஆமாம் என்றான். மானேஜர் அசரவில்லை. வரிசை முக்கியமில்லை, நேரம்தான் முக்கியம் என்றார். செய்தி கம்பெனிக்குக் கிடைத்த நிமிடத்தோடு கம்பெனியின் பொறுப்பு நிறைவேறிவிட்டது, அதற்கு மேல் தண்டலின் பொறுப்பு என்றார். ஹெட் ஆபீஸ் அதிகாரி தலையாட்டி எழுதிக்கொண்டே வந்தார். லூர்து தண்டல், சத்தமாகச் சிரிக்கிற அந்த மனிதர், கைகளைக் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்து நின்றார்.

அப்போது கதவோரத்திலிருந்து ஜெபமாலை கேட்டார்.

"அய்யா, நான் ஒண்ணு கேக்கலாமா? கெடச்சுது, கெடச்சுதுன்னு எல்லாரும் சொல்லுதிய. யாருக்குய்யா கெடச்சுது?"

மானேஜர் மெட்ராஸ் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி பேனாவை நிறுத்தினார். மச்சாது சார் எழுந்து நின்றார். அவர் அந்த அம்மாவைப் பார்த்துத்தான் பேசினார்.

"எங்களுக்குக் கெடச்சுதும்மா. உங்க வீட்டுக்காரருக்குக் கெடைக்கல. தண்டலுக்கும் கெடைக்கல. நாங்க வாங்கி எங்கயும் வைக்காம, கெடச்சுதுன்னு மட்டும் சொல்லிட்டோம்."

"மச்சாது, உக்காருங்க" என்றார் மானேஜர்.

"இத எழுதுங்க சார்" என்றார் மச்சாது அதிகாரியிடம். "எழுதுற வரைக்கும் நான் உக்கார மாட்டேன்."

அவர் உட்காரவே இல்லை. கடைசியில் அதிகாரி எழுதினார். எழுதியதை வாங்கி, எல்லோருக்கும் கேட்கும்படி முழுக்கப் படித்துவிட்டுத்தான் மச்சாது சார் தாளைத் திருப்பிக் கொடுத்தார். அந்த நாலு வரியால் லூர்து தண்டலின் லைசென்ஸ் தப்பியது. அதே நாலு வரிக்காக மச்சாது சாரை அந்த மாதமே செய்தி அறையிலிருந்து தூக்கிக் குடோன் கணக்குக்குப் போட்டார்கள். ஓய்வு பெறும் வரை அவர் அங்கேயேதான் இருந்தார். மானேஜருக்கு ஒரு மெமோகூடக் கிடையாது. பிற்பாடு பதவி உயர்வில் பம்பாய் போனார் என்று கேள்வி. இதையெல்லாம் எழுதும்போது இத்தனை வருடம் கழித்தும் எனக்குப் பல் நறநறக்கிறது.

விசாரணை முடிந்து எல்லோரும் கலைந்தபோது ஜெபமாலை கவுண்டருக்கு வந்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டினால் கேட்டுக்கொள்வது என்றும் இருந்தேன்.

"நீதானே தம்பி இல்லன்னு சொன்னது?"

"ஆமாக்கா."

"எனக்கு மூத்தவன் இருக்கான். அடுத்த மாசம் தோணிக்குப் போறான். போவாதலேன்னு சொல்லிப் பாத்துட்டேன், கேக்க மாட்டேங்கான். அவன் வந்து கேட்டா நீதானே சொல்லுவ?"

"ஆமா, நாந்தான் இருப்பேன்."

"நீ இல்லன்னு சொன்னா இல்லதானே தம்பி?"

ஆமாம் என்று சொன்னால் அது பொய். அந்தச் சுருளும், அந்த 'கிடைத்தது'ம், அந்த மெமோவும் அப்படியே இருந்தன. இல்லை என்று சொல்லவோ எனக்கு வாய் வரவில்லை. "நில்லுங்கக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு பால்ராஜைக் கூப்பிட்டேன். அவன் ஏன் எதற்கு என்று கேட்காமல் பின்னால் வந்தான். இரண்டு பேரும் குடோனுக்குப் போய்த் தேக்குப் பெட்டி அடுக்கைத் தூசியோடு தூக்கிக்கொண்டு வந்தோம். வாசலில் நின்ற லூர்து தண்டல் ஒரு முனையில் கை கொடுத்தார். பழைய தடத்தின் மேலேயே வைத்துப் பிடித்துக்கொண்டு, நான் ஆணி அடிக்க ஆரம்பித்தேன்.

முதல் ஆணிக்கே மானேஜர் அறையைத் திறந்துகொண்டு வெளியே வந்தார்.

"என்ன நடக்குது இங்கே? யாரைக் கேட்டு அடிக்கிறே?"

நான் சுத்தியலை நிறுத்தவில்லை.

"அந்த அக்காவக் கேட்டுத்தான் சார்" என்றேன்.